பெயர் விடுபட்ட கதைசொல்லிகள்

மந்திரவாதியின் உயிர் அவன் உடலில் இல்லை. ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளியின் உடலில் இருக்கிறது. இந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தைகள் குறைவு. நான் இதை என் அத்தைப்பாட்டியிடம் கேட்டேன். கிளியின் இறக்கையைப் பிய்த்தவுடன் மந்திரவாதியின் கை கழன்று விழும் இடம் வந்ததும் அவர் தம் வலக்கையைத் துவளவிட்டுக் காட்டுவார். பயந்து கண்ணை மூடிக்கொள்வோம். மறுநாளும் அதே கதையைத்தான் கேட்போம்.

பின்னாளில் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் தாளைக் கற்பிக்கத் தொடங்கியபோது, அதே கதையை 1868இல் லண்டனில் அச்சான ஓர் ஆங்கில நூலில் சந்தித்தேன். நூலின் தலைப்பைத் தமிழில் ‘பழைய தக்காண நாட்கள்’ என்று சொல்லலாம். தொகுத்தவர் மேரி ஃப்ரியர். அதன் முதல் கதையில் பஞ்ச்கின் என்ற மந்திரவாதி வருகிறான். தொலைதூரக் காட்டின் நடுவில், வட்டமாக நிற்கும் பனைமரங்களுக்கிடையே, தண்ணீர் நிரம்பிய ஆறு பானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடியில் ஒரு சிறு கூண்டு. கூண்டுக்குள் ஒரு பச்சைக்கிளி. இறக்கையைப் பிய்க்கும் இடமும் அங்கே இருந்தது.

கதை ஒத்திருந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. கதைக்கூறுகள் நாடுவிட்டு நாடு போகும் என்பது எங்கள் பாடத்தின் அரிச்சுவடி. ருஷ்யக் கதைகளில் வரும் கொஷேயின் சாவுகூட இப்படித்தான் ஊசிக்குள்ளும், ஊசி முட்டைக்குள்ளும், முட்டை வாத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. என்னை நிறுத்தியது கதைகளுக்கு முன்னால் இருந்த சில பக்கங்கள். அந்தக் கதைகளைச் சொன்ன பெண்ணின் வாழ்க்கை வரலாறு, அவர் வாய்மொழியாகவே, அங்கே அச்சிடப்பட்டிருந்தது. அவர் பெயர் அன்னா லிபராட்டா டி சூசா.

அதுவரை நான் வகுப்பில் ஒரு வாக்கியத்தை ஆண்டுதோறும் தவறாமல் சொல்லிவந்தேன். “நாட்டார் கதைக்கு ஆசிரியர் இல்லை.” அந்த வாக்கியத்தின்மீது எனக்கு முதன்முதலாக ஐயம் எழுந்தது அந்தப் பக்கங்களில்தான். உலக நாட்டார் கதைகள் சிறுவர் நூல்களாக மாறிய வரலாற்றை அந்த ஐயத்தோடு திரும்பிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

*

வழக்கம்போல் கிரிம் சகோதரர்களிடமிருந்து தொடங்குவோம். யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் இருவரும் வெளியிட்ட தொகுப்பின் முதல் பகுதி 1812இல் 86 கதைகளோடும், இரண்டாம் பகுதி 1815இல் 70 கதைகளோடும் வந்தன. தலைப்பில் குழந்தைகள் இருந்தாலும், கதைகளுக்குப் பின்னால் ஆய்வுக் குறிப்புகளைச் சுமந்திருந்த அந்த நூல் அறிஞர்களை நோக்கியே பேசியது. குழந்தைகளுக்கு இது தகுமா என்ற கேள்வி உடனே எழுந்தது. 1823இல் எட்கர் டெய்லர் ஆங்கிலத்தில் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்த நூல், ஜார்ஜ் குருக்ஷாங்கின் படங்களோடு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதைக் கண்ட சகோதரர்கள் 1825இல் 50 கதைகள் மட்டும் கொண்ட ‘சிறிய பதிப்பு’ ஒன்றைப் படங்களோடு வெளியிட்டார்கள். குறிப்புகள் அதில் இல்லை. கிரிம் கதைகளை வீடுகளுக்குள் கொண்டுசென்றது அந்தச் சிறிய பதிப்பே.

பெரிய பதிப்பும் மாறிக்கொண்டே வந்தது. 1857இல் வந்த ஏழாம் பதிப்பு வரை வில்ஹெல்மின் எழுதுகோல் ஓயவில்லை. 1812இல் ராப்புன்ஸல், தன் உடைகள் ஏன் இறுகிக்கொண்டே போகின்றன என்று தன்னை வளர்க்கும் தேவதையிடம் வெகுளியாகக் கேட்கிறாள். அவள் கருவுற்றிருப்பது அப்படித்தான் வெளிப்படுகிறது. பிற்காலப் பதிப்புகளில் அந்தக் கேள்வி காணாமற்போகிறது. ‘இளவரசனைவிட உங்களை மேலே இழுப்பது ஏன் கடினமாக இருக்கிறது’ என்று அவள் கேட்பதாக மாறிவிடுகிறது. 1812இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல நினைப்பவள் அவளைப் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விட்டுவரச் சொல்பவளும் முதலில் தாய்தான். 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாய். பன்றி அறுப்பதைப் பார்த்துவிட்டு அதையே விளையாடிப் பார்க்கும் சிறுவர்களின் கதை ஒன்று முதல் பதிப்பில் உண்டு. இரண்டாம் பதிப்பில் அதைக் காணவில்லை.

இந்த மாற்றங்கள் பலமுறை எழுதப்பட்டவை. வில்ஹெல்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. குழந்தைக்குக் கதை சொல்லும் எந்தப் பாட்டியும் ஒரு வரியை விழுங்குவாள், ஒரு வரியை நீட்டுவாள். சொல்வது என்றாலே மாற்றுவதுதான். ஆனால் கதை மாறியதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், கதையோடு இருந்த இன்னொன்று உதிர்ந்ததைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அது, சொன்னவரின் பெயர்.

கிரிம் குறிப்புகளில் ஊர்ப்பெயர் இருக்கும். ‘ஹெஸ்ஸனிலிருந்து’, ‘மைன் ஆற்றுப் பகுதியிலிருந்து’, ‘ட்ஸ்வேரனிலிருந்து’ என்று இருக்கும். ஊர் கதை சொல்லாது. ஊரில் உள்ள ஒருவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைச் சகோதரர்கள் தங்கள் சொந்தப் பிரதியின் ஓரங்களில் கையால் எழுதிவைத்தார்கள். வில்ஹெல்ம் பின்னாளில் மணந்துகொண்ட டோர்ட்சென் வில்ட், மரீ ஹாசன்ஃப்ளுக், அவருடைய சகோதரிகள் என்று கஸ்ஸெல் நகரத்து நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் பலர் அந்த ஓரக்குறிப்புகளில் இருந்தார்கள். ஓரத்தில் இருந்த ‘மரீ’ என்ற பெயரை வில்ட் வீட்டில் வேலை செய்த ஒரு முதிய பெண்ணின் பெயர் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அது பிரெஞ்சு வழிவந்த, படித்த குடும்பத்தைச் சேர்ந்த மரீ ஹாசன்ஃப்ளுக்கைக் குறிப்பது என்பதை ஹைன்ஸ் ரோலெக்கே என்ற ஆய்வாளர் 1970களில் நிறுவினார். பெயர் அச்சில் இருந்திருந்தால் அந்தக் குழப்பத்துக்கே இடமிருந்திருக்காது.

விதிவிலக்காக ஒருவர் மட்டும் அச்சில் இடம் பெற்றார். கஸ்ஸெல் அருகே ட்ஸ்வேரன் சிற்றூரைச் சேர்ந்த டொரோத்தியா ஃபீமான். தையற்காரரின் மனைவி, தோட்டத்தில் விளைந்ததை நகரத்துக்குக் கொண்டுவந்து விற்பவர். ‘வாத்து மேய்க்கும் பெண்’ உட்பட ஏறத்தாழ 40 கதைகளை அவர் சொன்னார். கேட்டால் எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு மெதுவாகச் சொல்வார், ஒரு சொல் பிசகினாலும் தாமே திருத்துவார் என்று 1815ஆம் ஆண்டு முன்னுரை அவரைப் புகழ்கிறது. ஆனால் அவரை ஹெஸ்ஸன் மண்ணின் அசல் உழவர்குடிப் பெண்ணாகவே அது காட்டியது. அவர் விடுதி நடத்தியவரின் மகள். தந்தைவழியில் பிரான்சிலிருந்து குடிபெயர்ந்த பிராட்டஸ்டன்டுகளின் வழித்தோன்றல். பலதரப்பட்ட பயணிகள் வந்து போகும் விடுதியில் வளர்ந்த பெண் என்ற செய்தி, அவருக்கு அத்தனை கதைகள் தெரிந்ததன் காரணத்தைச் சொல்கிறது. ‘தூய ஜெர்மானியக் கதை’ என்ற கருத்துக்கு அது இடையூறு. இரண்டாம் பகுதி வெளிவந்த 1815இலேயே அவர் இறந்துபோனார். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவருடைய உருவப்படம் இடம்பெற்றது.

*

பாரிசில் நூறாண்டுகளுக்கு முன் நடந்தது இன்னும் விசித்திரமானது. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ என்ற அரபு நூலை அந்த்வான் கலான் 1704 முதல் 1717 வரை 12 பகுதிகளாகப் பிரெஞ்சில் வெளியிட்டார். கையிலிருந்த அரபுக் கைப்பிரதி தீர்ந்தது. வாசகரின் ஆர்வம் தீரவில்லை. 1709இல் அலெப்போவிலிருந்து வந்திருந்த ஹன்னா தியாப் என்ற இளைஞரை அவர் சந்தித்தார். தியாப் சொன்ன 16 கதைகளில் 10 கதைகளைக் கலான் தம் நூலில் சேர்த்தார். அலாவுதீனும் அற்புத விளக்கும் அவற்றுள் ஒன்று. அலிபாபாவும் நாற்பது திருடர்களும் இன்னொன்று.

உலகக் குழந்தைகளிடம் ‘அராபிய இரவுகள்’ என்றால் முதலில் நினைவுக்கு வரும் இவ்விரு கதைகளுக்கும் கலானுக்கு முந்தைய அரபு மூலம் எதுவும் கிடைக்கவில்லை. நம் தமிழ்த் திரை 1956இல் எம்.ஜி.ஆர். நடிக்க வண்ணத்தில் கொண்டுவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கதையின் வேரைத் தேடிப் போனால், பாரிசில் ஒரு சிரிய இளைஞர் வாய்விட்டுச் சொன்ன நாளில் போய் நிற்கிறோம். கலானின் நாட்குறிப்பில் தியாப் இருக்கிறார். அச்சிட்ட நூலில் இல்லை. தியாப் ஊர் திரும்பித் துணி வணிகம் செய்தார். முதுமையில், 1760களில், தம் இளமைப் பயணங்களை அரபில் எழுதிவைத்தார். தம்மிடம் கதை கேட்டு வந்த ஒரு முதியவரைப் பற்றி அதில் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். வத்திக்கான் நூலகத்தில் இருந்த அந்தக் கைப்பிரதி 2015இல் பிரெஞ்சிலும் 2021இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தம் கதைகள் அடைந்த புகழ் அவருக்குத் தெரிந்திருந்ததற்கான அறிகுறி அந்நூலில் இல்லை.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ‘உலகக் கதைகள்’ என்ற சிறுவர் நூல்வகை நிலைபெற்றது. 1889இல் ‘நீல’ நூலில் தொடங்கி 1910இல் ‘லைலாக்’ நூலில் முடிந்த, வண்ணங்களைப் பெயராகக் கொண்ட 12 தேவதைக்கதை நூல்கள் ஆண்ட்ரூ லேங்கின் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டவை. இன்று ‘உலக நாட்டுப்புறக் கதைகள்’ என்று சந்தையில் குவியும் எந்தத் தொகுப்பின் மூலத்தைத் தேடினாலும் எங்கோ ஓரிடத்தில் லேங் எதிர்ப்படுவார். கடைசி நூலின் முன்னுரையில், இந்த நூல்கள் ஏறத்தாழ முழுவதும் தம் மனைவியின் உழைப்பு என்று அவரே எழுதினார். அவர் மனைவி லியோனோரா லேங். மொழிபெயர்த்தும் மறுகூறியும் அந்நூல்களை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முன்னுரையில் ஒப்புக்கொள்ளப்பட்ட அந்த உண்மை அட்டைக்கு வரவில்லை. அலெப்போக்காரரும் கஸ்ஸெல் பெண்களும் மறைந்த பிறகு, மறுகூறியவரும் மறைந்தார்.

அதே காலத்தவரான ஜோசப் ஜேக்கப்ஸ் நேர்மையானவர். ஒவ்வொரு கதைக்கும் மூலத்தைக் குறித்துவைத்தார். அவருடைய ‘இந்தியத் தேவதைக் கதைகள்’ 1892இல் வந்தது. ‘பஞ்ச்கின்’ அதிலும் உண்டு. பின்குறிப்பில் அன்னா டி சூசாவின் பெயரும் உண்டு. ‘சோதிடரின் மகன்’ என்ற கதைக்கான குறிப்பைப் படித்தபோது எனக்கு உவகை உண்டாயிற்று. அது நம் பண்டித நடேச சாஸ்திரி தொகுத்த தென்னிந்தியக் கதை. 1890இல் கிங்ஸ்கோட் சீமாட்டியும் சாஸ்திரியும் இணைந்து வெளியிட்ட நூலின் வழியாக ஜேக்கப்ஸிடம் போயிருக்கிறது. திருச்சிக்கு அருகே மணக்காலில் பிறந்த சாஸ்திரி, தமிழ் நாட்டார் கதைகளைத் தொகுத்து அச்சேற்றிய முன்னோடி. ஆயின், அவருக்கு அந்தக் கதையைச் சொன்னவர் யார்? குறிப்பு சாஸ்திரியோடு நின்றுவிடுகிறது.

ஜேக்கப்ஸ் குறிப்புகளை எங்கே வைத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1890இல் வந்த அவருடைய ‘ஆங்கிலத் தேவதைக் கதைகள்’ நூலில், கதைகள் முடிந்து குறிப்புகள் தொடங்கும் இடத்தில் ஓர் அறிவிப்பு, தண்டோரா போடும் தோரணையில். கதைகள் முடிந்தன, சிறுவர் சிறுமியர் இதற்கு மேல் படிக்கலாகாது! வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனாலும் அந்த ஒரு பக்கத்தில் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. கதை குழந்தைக்கு, சொன்னவரின் பெயர் கதவுக்கு அப்பால், பெரியவர்களுக்கு.

*

இந்தக் கதவு இயற்கையானது என்று யாரும் சொல்ல முடியாதபடி இரண்டு நூல்கள் குறுக்கே நிற்கின்றன. இரண்டும் இந்தியாவில் பிறந்தவை.

ஒன்று, முதலில் சொன்ன ‘பழைய தக்காண நாட்கள்’. மேரி ஃப்ரியரின் தந்தை பார்ட்டில் ஃப்ரியர் அப்போது பம்பாய் மாகாண ஆளுநர். 1865ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் தக்காணத்தில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தில் மேரியும் உடன் சென்றார், வயது இருபது. பேச்சுத்துணைக்கு ஆயாவான அன்னாவைத் தவிர வேறு பெண் இல்லை. கதை கேட்கத் தொடங்கினார். குறிப்பெடுத்து எழுதியதை அன்னாவிடமே படித்துக் காட்டிச் சரிபார்த்தார். அன்னாவின் முன்னோர் லிங்காயத்துகள், கோவாவில் கிறித்தவரானவர்கள். கதைகளை அவருக்குச் சொன்னவர் பாட்டி. கணவனை இழந்தபின் பிள்ளைகளை வளர்க்க ஆயா வேலைக்கு வந்தவர் அன்னா. முன்பெல்லாம் முதியவர்கள் கதை சொல்வதை விரும்பினார்கள், இப்போது பணம் சேர்ப்பதையே விரும்புகிறார்கள் என்ற அவருடைய அங்கலாய்ப்பும் அந்த வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் மேரியின் பெயர்தான். எசமானியும் ஆயாவும் சமமாக நின்ற நூல் அது என்று சொன்னால் பொய்யாகிவிடும். எனினும் பாட்டி, பேத்தி, எழுதியவள் என்ற மூன்று கண்ணிகளும் அங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. 2002இல் அந்நூலை மறுபதிப்புச் செய்த கிரின் நாராயண் அன்னாவை மையத்தில் வைத்தே பேச முடிந்தது அதனால்தான்.

இரண்டாவது, மேவ் ஸ்டோக்ஸ் என்ற சிறுமி தொகுத்து 1879இல் கல்கத்தாவிலும் 1880இல் லண்டனிலும் வெளிவந்த ‘இந்தியத் தேவதைக் கதைகள்’. 30 கதைகள். டுங்க்னி, முனியா என்ற இரண்டு ஆயாக்களும் கரீம் என்ற பணியாளரும் சொன்னவை இவை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறாள் சிறுமி. அறிஞர்களுக்குத் தோன்றாதது குழந்தைக்கு இயல்பாகத் தோன்றியிருக்கிறது. கதை கேட்டவளுக்குச் சொன்னவரின் முகம் நினைவில் இருந்தது, அவ்வளவுதான்.

அறிஞர் உலகம் அந்தச் சிறுமி நின்ற இடத்துக்கு வந்துசேர மேலும் சில பத்தாண்டுகள் ஆயின. ருஷ்யாவில் அஃபனாசியெவ் 1855க்கும் 1863க்கும் இடையே வெளியிட்ட மாபெரும் தொகுப்பில் சொன்னவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. 1908இல் ஒஞ்சுகோவ் வடபுலக் கதைகளைத் தொகுத்தபோது சொன்னவர் வாரியாகவே கதைகளை அடுக்கினார். சைபீரியாவில் நதாலியா வினகூரவா என்ற ஒரே ஒரு கதைசொல்லியைப் பற்றி மார்க் அசதோவ்ஸ்கி எழுதிய ஆய்வு 1926இல் வெளிவந்தது. கதைப்பின்னல் எல்லோருக்கும் பொது. சொல்லும் முறை, எங்கே நிறுத்துவது, யாருக்காக இரங்குவது என்பவை அந்த ஒருவருடையவை என்பதை அவ்வாய்வு காட்டியது. நாட்டார் கதைக்கு ஆசிரியர் இல்லை என்ற வாக்கியம் பாதி உண்மை. ஆசிரியர் இல்லை, சொல்பவர் உண்டு.

*

இனி என் தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தைப்பாட்டியின் கிளிக்கதையைச் சிறுவர் இதழ் ஒன்றுக்கு எழுதி அனுப்பினேன். தலைப்பின் கீழே ‘நாட்டுப்புறக் கதை’ என்றும், அதன் கீழே ‘மறுகூறல்’ என்று போட்டு என் பெயரையும் எழுதியிருந்தேன். வந்த இதழை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். கை துவளும் இடத்தில் தம்மை அறியாமல் கையைத் துவளவிட்டார். முடிந்ததும் கேட்டார்: “நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா, இது எங்க மாமியா எனக்குச் சொன்ன கதையாச்சேப்பா. அவங்க பேரு இதுல எங்கயும் வரலையே?”

தம் பெயரை அவர் கேட்கவில்லை. அன்னாவும் தம் பாட்டியைத்தான் முன்னிறுத்தினார். கதை சொல்பவர்களுக்குக் கதை யாரிடமிருந்து வந்தது என்பது எப்போதும் தெரியும். மறப்பது எழுதுகிறவர்கள்தாம்.

குழந்தைகளுக்கு இந்தப் பெயர்களெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பஞ்ச்கினின் கதையை மட்டும் படிக்கும் குழந்தைக்குக் கதை என்பது எங்கோ உற்பத்தியாகிப் புத்தகமாக வந்து சேரும் பண்டம். ‘இதை அன்னா சொன்னார், அவருக்கு அவர் பாட்டி சொன்னார்’ என்ற ஒரு வரியைச் சேர்த்துப் படிக்கும் குழந்தை, அடுத்த நிமிடம் தன் வீட்டிலிருக்கும் பாட்டியைத் திரும்பிப் பார்க்கக்கூடும். மாற்றாந்தாய் வேண்டுமா தாய் வேண்டுமா, கிளியின் கழுத்தைத் திருகலாமா கூடாதா என்பவற்றில் மறுகூறுவோர் ஆளுக்கொரு முடிவெடுக்கட்டும். இந்த ஒரு வரி யாரையும் அச்சுறுத்தாது. அச்சில் அரை அங்குலம்கூடப் பிடிக்காது.

இப்போது என் மாணவர்கள் கொண்டுவரும் கதை ஒவ்வொன்றிலும் முதல் வரியில் சொன்னவர் பெயரும், இரண்டாம் வரியில் அவருக்குச் சொன்னவர் பெயரும் இருக்க வேண்டும். இரண்டாம் வரிக்காகத் திரும்பவும் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள். அந்த அலுப்பு எனக்கு உவப்பாகவே இருக்கிறது.

அத்தைப்பாட்டி இன்று இல்லை. அந்த இதழின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்களைப் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். கிரிம் சகோதரர்களும் இதையேதான் செய்தார்கள் என்பது பின்னர்தான் உறைத்தது. கையெழுத்தில் வைத்துக்கொண்டு அச்சில் விட்டுவிட்டார்கள். ஆகவே அந்தப் பெயர்களுக்கு உரிய இடம் இந்தக் கட்டுரையும் அன்று. மாணவர்கள் திரட்டியவற்றோடு ஒரு சிறு தொகுப்புக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. கிளிக்கதை அதில் இருக்கும். தலைப்பை அடுத்து முதலில் மாமியார், பிறகு மருமகள், கடைசியில் நான்.